சீக்கிரம் முடிந்த வேலை

மழைக்கு ஒதுங்க ஓடிவந்த கலோயன், அலுவலக வாசலில் நெவேனா மேல் மோதினான். அவள் கையிலிருந்த லாரிச் சீட்டுகள் தண்ணீரில் விழுந்தன.

“கண்ணை வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா சார்?”

நிமிர்ந்தாள். இமையில் ஒரு மழைத்துளி… மன்னிப்புக் கேட்க மறந்துபோனான்.

ரூசே துறைமுகத்தில் அது ஒரு சரக்கு நிறுவனம். கல்லூரியைப் பாதியில் விட்ட கலோயன் கணக்குப் பிரிவுக்குப் புதிது. அவள் லாரி விவரங்களை ஒரு திரையில் பார்த்து இன்னொன்றில் அடிப்பவள். இருட்டும்வரை அடிப்பாள். அவனும் ஏதோ சாக்கில் உட்கார்ந்திருப்பான். பிறகு ஒரே குடையில் பஸ் நிறுத்தம்வரை…

தன் கணக்குகளுக்கு அவன் சின்னச் சின்ன ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தான். ஒருநாள் அவள் எட்டிப் பார்த்தாள்.

“எனக்கும் சொல்லிக் குடேன்.”

“உனக்கெதுக்கு? அதான் நான் இருக்கேனே.”

அந்த ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டினாள். பூத்த மரத்தை முதலில் பார்க்கும்போது அவிழ்த்து அதில் கட்டிவிட வேண்டும். அவனுக்கு மட்டும் முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

தினமும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டான். வேலை முடிய மாட்டேங்குதே என்றாள், அவனைப் பார்க்காமல்.

நம்பிவிட்டான். அவளைக் கேட்காமலே அவள் வேலைக்கும் ஒரு ப்ரோக்ராம் எழுதினான். அவளுடைய ஒருநாள் வேலை, காபி ஆறுவதற்குள் முடிந்தது. அவளிடம் காட்டியிருக்கலாம். பெருமை… மேலாளரிடம் காட்டினான். அவர் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் நெவேனாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கலோயன் ஓடிப்போய்க் கெஞ்சினான்.

“அந்த வேலையே இப்ப இல்லையேப்பா. நீதானே முடிச்சு வச்சே?” என்றார் மேலாளர்.

கடைசி நாள். மழை. குடையோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். அவள் குடைக்குள் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“பிளம் மரம் பூத்திருச்சு. நூலை அவிழ்க்கலையா?”

“மனசு வரலை.” குடையை அவள் பக்கம் நீட்டினான். “சாயங்காலம் உன்கூடக் கொஞ்ச நேரம் இருக்கணும்னுதான் எழுதினேன், நெவேனா. உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

பஸ் வந்துவிட்டது. அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“இருந்தோமே, தினமும். என் வேலை நாலு மணிக்கே முடிஞ்சிரும், கலோயன். உன்கூட நடக்கணும்னுதான் இழுத்துட்டிருந்தேன்.”

கதவு மூடிக்கொண்டது.