எட்டு வயதுக் கோடு

சமூக அறிவியல் கண்காட்சிக்கு ஐரின் மிஸ் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு வந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களையும் மங்கோலியர்களையும் ஒப்பிடுக" என்று இருந்தது. எனக்கு இத்தாலியும் தெரியாது, மங்கோலியாவும் தெரியாது. அமெரிக்கா என்றால் எங்கள் தெருவில் இருக்கும் 'அமெரிக்கன் சலூன்' மட்டும்தான் தெரியும். அங்கே அப்பா முடி வெட்டிக்கொள்வார்.

நல்லவேளை, இரண்டு பேர் சேர்ந்துதான் சார்ட் செய்ய வேண்டும். எனக்கு ஜோடியாக டீனா வந்தாள். அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். காக்ஸ் டவுனில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே அவள் வீடு. அவளுடைய அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா ஆடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அங்கேயே ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இந்தப் பள்ளியில்தான் இடம் கிடைத்தது என்பதால் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். டிராஃபிக்கில் மாட்டினால் பிரேயர் போச்சு.

மிஸ் ஒரு கட்டளை போட்டிருந்தார். எல்லா சார்ட்டிலும் கடைசிக் கட்டத்தில், ஒப்பிடும் இரண்டு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். வருகிறவர்கள் பார்த்தவுடன் யார் முன்னால், யார் பின்னால் என்று புரிய வேண்டுமாம்.

கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தேடினோம். அமெரிக்காவில் இத்தாலியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜட்ஜாக இருக்கிறார்கள், மேயராக இருக்கிறார்கள், சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறார்கள். பீட்சாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மங்கோலியர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் நிறையப் பேருக்கு வருமானம் குறைவு, ஓட்டலிலும் வீடுகளிலும் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறவர்கள் உண்டு என்று போட்டிருந்தது.

டீனா மளமளவென்று எழுதிக்கொண்டாள். கடைசியில் இத்தாலியர்களுக்கு ஒன்பது, மங்கோலியர்களுக்கு இரண்டு என்று மார்க் போட்டாள். இரண்டு ரொம்பக் கம்மி என்றேன். அதில் இருப்பதைப் பார்த்துத்தானே போட்டேன், வேறு எதைப் பார்த்துப் போடுவது என்று கேட்டாள். 

பின் வரிசையில் இருந்து நாணு எட்டிப் பார்த்தான். எங்கள் வகுப்பில் யார் எதைச் செய்தாலும் அவனுக்கு மூக்கை நுழைத்தே ஆக வேண்டும்.

"இது நம்ம கிளாஸ் மாதிரியே இருக்குதே," என்றான். "டீனா இத்தாலி. சிந்து மங்கோலியா."

லேபே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் மங்கோலியா ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில், மங்கோலியா, ரெண்டு மார்க் ஊறுகாய் கொடு என்று கை நீட்டினார்கள். கொடுத்தேன். ஊறுகாய் போனால் போகட்டும்.

ஆனால் சனிக்கிழமை கண்காட்சிக்கு அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் என் பள்ளிக்குள் காலடி வைத்ததே இல்லை. லீவு கேட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்று அம்மாதான் எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். இந்தத் தடவை, நீ செய்ததை நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று அவரே கேட்டார். நீல நிறச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் இஸ்திரி போடச் சொன்னார்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா எங்கள் சார்ட்டுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அங்கே மங்கோலியர்களுக்கு இரண்டு மார்க் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்தில் நாணு நின்றுகொண்டு, அங்கிள், இது நீங்கதான் என்று சொல்லுவான். அவன் சொல்லக்கூடியவன்தான்.  அந்த இரண்டு மார்க் சுவரில் ஏறக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் ஐரின் மிஸ்ஸிடம் போனேன். மங்கோலியர்களுக்கு மார்க்கை ஏற்றலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். பாவம் மிஸ் என்றேன்.

"பாவம்னு சொல்லி மார்க் ஏத்த முடியாது சிந்து," என்றார் மிஸ். "காரணம் கொண்டு வா. சரியா இருந்தா ஏத்திக்கோ."

மிஸ் சொன்னதில் தப்பில்லை. எனக்கே பாவம் என்று யாராவது மார்க் போட்டால் கோபம்தான் வரும். டீனாவிடம் சொன்னேன். காரணம் இருந்தால் அவளே மாற்றுவதாகவும், இல்லாவிட்டால் ஒரு புள்ளியைக்கூடத் தொட விடமாட்டேன் என்றும் சொன்னாள். டீனா அப்படித்தான்.

லேபில் மறுபடி தேடினேன். பஸ்ஸில் யோசித்தேன். தோசை சாப்பிடும்போதும் யோசித்தேன். எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்று மாலை டீனா வீட்டில் சார்ட்டை முடித்துவிட வேண்டும்.

டீனாவின் அம்மா மௌரீன் ஆன்ட்டி கதவைத் திறந்து முதலில் என் கையில் ஒரு கேக் துண்டைக் கொடுத்தார். டீனாவின் தம்பி ஆஷ்லிக்கு அன்று பிறந்தநாள். எட்டு வயது முடிந்திருந்தது. அவன் தலையில் காகிதத் தொப்பியோடு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவுநிலையில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். டீனா ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாம். பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டியதும் அந்த நிலையில் சாய்ந்து நிற்க வேண்டும். தலைக்கு மேலே கோடு போட்டு, பெயரும் வயதும் எழுதுவார்கள். நிலை முழுக்கக் கோடுகள். டீனாவின் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போட்ட கோடுகூட இருந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகக் கூடாது என்று ஆன்ட்டியின் உத்தரவு. எங்கள் வீட்டுக் கதவில் இப்படி ஒரு கோடு போட்டால் ஓனர் அட்வான்ஸில் கழித்துவிடுவார்.

ஆஷ்லி தொப்பியோடு அளக்கச் சொன்னான். டீனா தொப்பியைப் பிடுங்கிவிட்டுக் கோடு போட்டாள். திரும்பிப் பார்த்தவன் குதிக்க ஆரம்பித்தான்.

"நான்தான் அக்காவைவிட உயரம்," என்றான்.

டீனா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தலை அவள் தோளுக்குக்கூட வரவில்லை. கண் தெரியவில்லையா உனக்கு என்று கேட்டாள்.

"உனக்குப் பன்னெண்டு வயசு. எட்டு வயசுல நீ எங்க இருந்தே, அதப் பாரு," என்று ஆஷ்லி நிலையைக் காட்டினான். 'டீனா 8' என்று எழுதியிருந்த கோடு, 'ஆஷ்லி 8' கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

டீனா ஒரு பெரிய கேக் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையில் இருந்த கேக் பிசுபிசுத்தது.

"டீனா," என்றேன், "இத்தாலிக்காரங்க அமெரிக்கா போய் எவ்ளோ வருஷம் ஆச்சு?"

முக்கால்வாசிப் பேர் போய் நூறு வருடத்துக்கு மேலே ஆகிவிட்டது என்றாள். மங்கோலியர்கள் என்று கேட்டேன். பெரும்பாலோர் முப்பது வருடத்துக்குள் போனவர்கள்தான் என்றாள். சொல்லிக்கொண்டே கதவுநிலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எட்டு வயசுக் கோட்டைத்தான் எட்டு வயசுக் கோட்டோட பாக்கணும்," என்றேன்.

டீனா உள்ளே போய் மௌரீன் ஆன்ட்டியின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இத்தாலியர்கள் வந்த புதிதில் எப்படி இருந்தார்கள் என்று தேட ஆரம்பித்தோம். ஆறரைக்குள் நான் பஸ் ஏற வேண்டும்.

வந்த புதிதில் அவர்களில் நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரோடு போட்டார்கள், சுரங்கப் பாதை தோண்டினார்கள், தண்டவாளம் பதித்தார்கள். ஒரு சின்ன அறைக்குள் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. செய்தித்தாளில் அவர்களைக் கேலி செய்து படம் போட்டார்கள். இவர்களெல்லாம் எங்கே முன்னேறப் போகிறார்கள் என்று பேசினார்கள். ஜட்ஜும் மேயரும் எல்லாம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்ததுதான்.

பிறகு மங்கோலியர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தேடினோம். டீனா ஒரு இடத்தில் நிறுத்தி, சத்தமாகப் படித்தாள். வருமானம் குறைவாக இருந்தாலும் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பட்டம் பெற்றவர்களாம்.

"நாம இதப் பாக்கவே இல்லையே," என்றாள்.

நாங்கள் முன்பு பணத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம். படிப்பைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஷ்லிக்கு இன்னொரு துண்டு கேக்கை நானே வெட்டிக் கொடுத்தேன்.

டீனாவின் சார்ட் தயாராக, அழகாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதற்காக மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுக்கப் போனேன்.

"நீ தொடாதே. என் கையால எழுதினது, நானே வெட்டுறேன்," என்று சொல்லி, உதட்டைக் கடித்துக்கொண்டு பாதி சார்ட்டை வெட்டிப் போட்டாள்.

புது அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதவுநிலை வரைந்தோம். ஒன்று இத்தாலியர்களுக்கு, ஒன்று மங்கோலியர்களுக்கு. வந்த புதிதில் என்ன வேலை, என்ன படிப்பு, எப்படிப்பட்ட வீடு என்று கீழே முதல் கோட்டில் எழுதினோம். இத்தாலியர்களின் நிலையில் கோடுகள் மேலே மேலே போயின. மங்கோலியர்களின் நிலையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறும் நிலை.

கடைசியில் மார்க் கட்டம் வந்தது. என்ன போடுவது என்று டீனா ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஐந்து போடலாமா, ஆறா என்றாள். ஒன்றும் போட வேண்டாம் என்றேன். மிஸ் மார்க் குறைப்பார், பரிசும் கிடைக்காது என்றாள். குறைக்கட்டும் என்றேன். என்னை முறைத்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

சனிக்கிழமை ஹால் நிறைய ஆட்கள். எங்கள் சார்ட்டுக்கு முதலில் வந்தவன் நாணுதான். தலையைச் சாய்த்து முழுசாகப் படித்தான். மங்கோலியர்களின் படிப்பை எழுதியிருந்த கோட்டைப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டான். நிஜம் என்றேன். அவனுடைய குடும்பம் பெங்களூருக்கு எப்போது வந்தது என்று டீனா கேட்டாள். தெரியாது, அப்பாவைக் கேட்கணும் என்று சொல்லிவிட்டு அவன் நிஜமாகவே கேட்கப் போனான்.

பிறகு ஐரின் மிஸ் வந்தார். காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"மார்க் எங்க சிந்து?"

 பயந்துகொண்டேதான் சொன்னேன். "பரீட்சை இன்னும் முடியல மிஸ். பாதியில பேப்பரைப் பிடுங்கி மார்க் போட்டா நாங்க ஒத்துக்குவோமா?"

மிஸ் இரண்டு நிலையையும் ஒருமுறை படித்தார். சொன்னபடி செய்யாததற்கு ஒரு மார்க் குறைத்தார். பரிசு வேறு ஜோடிக்குப் போனது. ஆனால் எங்களுக்கு அடுத்த சார்ட்டில் போய், நீங்க எதை வெச்சு இவங்களுக்கு மூணு போட்டீங்க என்று மிஸ் கேட்பது எனக்குக் காதில் விழுந்தது. 

அப்பா கடைசியில் வந்தார். லீவு கிடைக்காததால் நைட் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, வேலை முடிந்து குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. நீலச் சட்டை மொடமொடவென்று இருந்தது. வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

எங்கள் சார்ட்டுக்கு முன்னால் நின்று மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கீழிருந்து மேலே படித்தார். ரோடு போட்டவர்களின் கோட்டில் நிறைய நேரம் நின்றார்.

"இவங்க பசங்கதான் ஜட்ஜ் ஆனாங்களா?" என்று கேட்டார்.

பசங்களும் பேரப்பிள்ளைகளும் என்று டீனா சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டு, மறுபடி முதலில் இருந்து படித்தார்.

திரும்பி வரும்போது இரண்டாவது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பரீட்சை முடியவில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நாம இப்ப எந்த கிளாஸ்மா?"

"மூணு வருஷம்தானே ஆகுது. எல்.கே.ஜி.பா."

"அதான் இந்நேரத்துல தூக்கம் வருது," என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே என் தோளில் தலையைச் சாய்த்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஆடுகோடி வரும்வரை நான் அசையவே இல்லை.