ஆறாவது வாரத்து எடை

கதவைத் திறந்த பெண் அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே சிஸ்டர், வாங்க" என்று சொல்லிவிட்டு, பழகிய மனுஷிக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றாள். விஷயம் என்னவென்றால், இந்த சிஸ்டர் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் இவள் வேலை. எதிரெதிராக நிற்கும் இரண்டு ஐந்து மாடிக் கட்டடங்களில் இவள் பொறுப்பில் பதினேழு தாய்மார்கள். வாரம் ஒரு தடவை போய்க் குழந்தையை நிறுத்துப் பார்க்க வேண்டும், தாயிடம் நாலு வார்த்தை விசாரிக்க வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். லிஃப்ட் இல்லாத படிக்கட்டை யார் ஏறுவது? அம்மணி ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே, பதினேழு குழந்தைகளுக்கும் வாரம் இருநூறு கிராம் தாராளமாக ஏற்றிவிடுவாள். பயமாக இருக்கிறது என்று போன் செய்கிற பெண்களிடம், "ஊர் உலகத்துல யாரும் பெறாத பிள்ளையையா பெத்துட்ட? தூக்கமில்லாதவங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும், போம்மா" என்று வெட்டிவிடுவாள். நாளைக்கு மேலதிகாரி வீடு வீடாகச் சரிபார்க்க வருகிறாள் என்று காதில் விழுந்த பிறகுதான், எந்தக் கதவு எந்தப் பக்கம் என்றாவது தெரிந்து வைத்துக்கொள்வோமே என்று இன்று மத்தியானம் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்திருக்கிறாள்.

வேறு யாரோ வந்து போயிருப்பார்கள், இந்தப் பெண் முகத்தைக் குழப்பிக்கொள்கிறாள் என்று சிஸ்டர் முடிவு கட்டினாள். பிள்ளை பெற்றால் பாதி மூளை பாலோடு போய்விடும் என்பது அவளுடைய வைத்திய சாஸ்திரம்.

உள்ளே திரையை முழுக்க இழுத்துவிட்டிருந்தார்கள். மூன்றரை மணி வெயில் அதன் ஓரங்களில் மட்டும் கோடாகக் கசிந்து தரையில் கிடந்தது. கொடியில் காய்ந்தும் காயாத துணிகளின் ஈரமும், புளித்த பாலும், பவுடரும் கலந்த பச்சைப்பிள்ளை வீட்டு வாசனைக்கு அடியில், நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரைக் கொட்டும்போது எழுகிற வாடை ஒன்று மெல்லிசாகப் படிந்திருந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஃப்ரிட்ஜ் முனகி நின்றது, மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தொட்டிலிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன் கையில் மடித்த வெள்ளைத் துண்டு.

"உங்க துண்டுதான் சிஸ்டர். துவைச்சு வெச்சுட்டேன்" என்றாள் பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கருப்பு. புருஷன் கப்பலில் வேலை, வர இன்னும் மூன்று மாதம் என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

சிஸ்டர் விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "நான் வந்தா எப்பவும் என்னம்மா பண்றேன்?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? நாலு மணிக்கு டாண்ணு வருவீங்க. பிள்ளையை வாங்கிக்கிட்டு, நீ போய்ப் படும்மான்னு என்னை உள்ள அனுப்பிடுவீங்க. கதவைச் சாத்திப்பீங்க. வாரத்துல நான் தூங்கறதே அந்த அரைமணி நேரந்தான்." அவள் துண்டின் மடிப்பை நீவிவிட்டாள். "எங்க அம்மாகூட இப்படிப் பார்த்துக்கலை."

சிஸ்டர் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். எவளோ ஒருத்தி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், நீ எங்கே போயிருந்தாய் என்று முதலில் இவளைத்தான் கேட்பார்கள். பிள்ளையின் எடை எழுதுகிற கார்டை எடுத்து வரச் சொன்னாள்.

ஐந்து வாரம், ஐந்து வரி. மூன்று கிலோ முந்நூறு, மூன்று ஐந்நூறு, மூன்று எழுநூறு. ஆபீசில் அவள் மனம்போன போக்கில் எழுதிய அதே எண்கள். ஏழுக்கு நடுவில் அவள் ஒரு கோடு போடுவாள். இங்கேயும் கோடு இருந்தது. கையெழுத்து அவளுடையது. ஆறாவது வரி மட்டும் காலியாக இருந்தது.

"பிள்ளையைக் கொண்டா."

நாலு சுற்றுத் துணி. புருவம்வரை இழுத்துவிட்ட தொப்பி. கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது. கனமே இல்லை. துணியைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே பிள்ளை குறைந்துகொண்டே போனது. விலா எலும்பு. சுருக்கம் விழுந்த தொடை. கண் திறந்திருந்தது. அழவில்லை.

தராசு இரண்டு கிலோ நானூறு காட்டியது. பிறந்தபோதே மூன்று கிலோ நூறு.

"ரெண்டு நாளா துணி நனையறதே இல்ல சிஸ்டர். கை கால் மெலிஞ்ச மாதிரி இருக்குன்னு போன வாரம் அழுதேனே. தூக்கமில்லாதவங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்னு சொன்னீங்க. தொப்பியைக் கழட்டாதேன்னும் சொன்னீங்க."

சிஸ்டர் தொப்பியைக் கழற்றினாள். உச்சிக்குழி கட்டைவிரல் புதைகிற அளவுக்கு உள்வாங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஈரம். அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது.

சோம்பேறிதானே தவிர, தொழில் தெரியாதவள் இல்லை. இந்தப் பிள்ளை ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன் கைப்பையில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் கார்டைக் கேட்பார்கள், கார்டைப் பார்த்தால் ரிஜிஸ்டரைக் கேட்பார்கள், ரிஜிஸ்டரைப் பார்த்தால் பதினேழு வீட்டுக் கதையும் சந்தி சிரித்துவிடும். நாளைக்கு இந்த வீடு பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டால் போச்சு. அதற்குள் இவளே எங்காவது தூக்கிக்கொண்டு ஓடுவாள், பெற்றவள்தானே. இவ்வளவையும் யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை, சீ.

பேனாவை எடுத்தாள். காலி வரியில் நாலு கிலோ முந்நூறு என்று எழுதினாள்.

"நல்லா இருக்காம்மா பிள்ளை" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க சொன்னாத்தான் சிஸ்டர் எனக்கு உயிரே வருது" என்று பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

மணி நாலு.

பெண் போய்த் திறந்தாள். சிஸ்டர் போட்டிருந்த அதே நீல யூனிஃபார்ம். தோளில் பை. உள்ளே வந்த முகம் சிஸ்டருடையது. அவளுக்கே தெரியாத ஒரு கனிவு அதில் இருந்தது.

பெண் இருவரையும் மாறி மாறிப் பார்க்கவில்லை. வந்தவளிடம் பிள்ளையை நீட்டினாள். "அப்ப நான் செத்த நேரம் படுக்கறேன் சிஸ்டர்" என்றாள். உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

வந்தவள் மேசைமேல் கிடந்த கார்டை எடுத்தாள். மை காயாத வரியைப் படித்தாள். சந்தோஷமாகத் தலையாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடியில் விரித்தாள். பிள்ளையின் தலையை ஏந்தி, குனிந்து, உச்சிக்குழியில் வாய் வைத்தாள்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. நல்ல தாகத்தில் குடிக்கிறவளின் சத்தம். ஒரு குட்டிப் பாதம் உதைத்தது. மறுபடி உதைத்தது. அப்புறம் தொங்கியது.

சிஸ்டர் கத்தவில்லை. உள்ளறைக் கதவு இரண்டடியில்தான் இருந்தது, அதைத் தட்டவுமில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடி, படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிரே அடுத்த கட்டடம். சாயங்கால வெயில் முழுக்க அதன்மேல் விழுந்திருந்தது. இரண்டாவது மாடி ஜன்னலில் ஒரு நீல முதுகு குனிந்திருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. மேலே ஒன்று. கடைசி மாடியில் இரண்டு. எந்த வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் இல்லை. மூன்றாவது மாடியில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள், வாயைத் துண்டில் ஒற்றிக்கொண்டாள், கூட வேலை பார்க்கிறவளைக் கண்டதுபோல இவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், மறுபடி குனிந்தாள்.