ஆயுசு வாரண்டி

பிரிக்பீல்ட்ஸில் அமுதவள்ளி அக்காவின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. கடைவீட்டின் மூன்றாம் மாடி. வீடியோக்களைச் சேமிக்கும் சர்வர் கம்ப்யூட்டர் பின்னறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது, ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆளை இடிக்கும் அகலம்.

"ஜுஹைர் பாய், அஞ்சு மணிக்கு ஷாமினி வந்துரும். அந்தப் பிள்ளையோட கல்யாண வீடியோ இந்த ஒரு டிஸ்க்லதான் இருக்கு. போன வாரம் அதோட அப்பா தவறிட்டாரு. அவரு பேசுன குரல் வேற எங்கேயும் இல்ல. இன்னொரு டிஸ்க்ல காப்பி போட்டுக் குடுத்துருங்க லா."

"இதுக்குப் போயி ஏன்க்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? நம்மகிட்ட குடுத்துட்டீங்கள்ல."

வாய்க்கு என்ன குறை? நான் கிள்ளான் துணிக்கடையில் வளர்ந்தவன். வாப்பா புடவையை விரிக்கும்போதே எதிரில் இருப்பவரின் கண்ணை அளந்துவிடுவார். நான் டிஸ்க் விற்கும்போதும் அதே வித்தைதான். கடைசியில் ஒரு வார்த்தை போடுவேன்: "ஆயுசு வாரண்டி." பேரம் அதோடு படுத்துவிடும்.

டிஸ்க் வாங்கும்போது அதைத் திருப்பிக் கேட்டவன் ஒருவன்தான். இங்கே எடிட்டராக இருந்த குகன்.

"யாரு ஆயுசு, பாய்? எனக்கா, உங்களுக்கா?" கிராம்பு சிகரெட்டை உதட்டோரம் தள்ளிக்கொண்டு கேட்டான்.

"யாரு கடைசியா போறாங்களோ, அவங்க ஆயுசு."

சிரித்தான். வாரண்டியின் மஞ்சள் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதே டிஸ்க் எண் எழுதிய வெள்ளைச் சீட்டு, கடை நகல், என் பையில் தங்கியது.

மூன்று மாதம் முன்பு காப்பார் சாலையில் ஒரு லோரி அவன் மோட்டார் சைக்கிளை அடித்துப்போட்டது. சவப்பெட்டியில் கிடந்தவனின் நெஞ்சுமேல் அவன் மனைவி அந்த டிஸ்க்கையும் மஞ்சள் சீட்டையும் வைத்தாள். அவனுக்குப் பிரியமான சாமானாம். மின்சுடலையில் எல்லாம் சேர்ந்தே எரிந்தது. நான் கிட்ட நின்று பார்த்தவன்.

அன்றைய வேலைக்கு வருகிறேன். கரண்டு வந்ததும் எந்த டிஸ்க் முதலில் எழுகிறதோ, அந்த வரிசையில்தான் அந்த சர்வர் அவற்றுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடும். முதலில் எழுந்தது ஏ, அடுத்தது பி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. அதை எழுதி வைத்தால் வரிசை குழம்பாது. ஆனால் சர்வர் போட்ட அன்று அக்கா அரைநாள் வேலையை ஒரு மணி நேரமாகப் பேரம் பேசிவிட்டார். நானும் வரிசையையே நம்பி விட்டுவிட்டுப் போனேன். துணிக்கடைக்காரன் மகன், குறைத்த காசுக்குத் துணியிலும் ஒரு முழம் குறைப்பான்.

ஏ-யில் கல்யாணம். பி-யில் நான் கொண்டுவந்த பழைய டிஸ்க். அதைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் காப்பி போட முடியும். 'பி-யை அழி' என்று தட்டினேன்.

இடி இறங்கியது. கரண்டு போனது.

விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. மழை எங்கோ தகரத்தில் கொட்டியது. இருட்டில் சூடான பிளாஸ்டிக் வாசம்.

நாலு இருபதுக்குக் கரண்டு வந்தது. சர்வர் எழுந்தது. ஷாமினி வர நாற்பது நிமிடம்தான் இருந்தது. நான் எதையும் பார்க்காமல் அதே கட்டளையை மறுபடி தட்டினேன். பொத்தான் மேல் விரல் போனது.

கிராம்பு வாசம்.

விரல் நின்றது.

"அக்கா, யாராச்சும் சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"இங்க நான் மட்டும்தானே இருக்கேன், பாய்."

கட்டளையை அழித்துவிட்டு டிஸ்க் வரிசையைக் கேட்டேன். திரையில் மூன்று பெயர்கள் வந்தன. என் பழைய டிஸ்க் சி-க்கு இறங்கியிருந்தது. கல்யாணம் பி-யில் இருந்தது. அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஷாமினியின் அப்பா இரண்டாம் முறை செத்திருப்பார்.

சரி. அப்படியானால் ஏ-யில் உட்கார்ந்திருப்பது யார்?

சர்வரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு டிஸ்க்தான். மூன்றாவது வயரின் முனை அந்தரத்தில் தொங்கியது.

லேசாக ஆடியது.

ஏ-யின் எண்ணைத் திரையில் வரவழைத்தேன். பையிலிருந்த வெள்ளைச் சீட்டுக் கட்டைப் புரட்டினேன். கடைசி நாலு இலக்கம் 7731, ஒரு சீட்டோடு பொருந்தியது.

வாங்கியவர் பெயர்: குகன்.

சர்வர் போட்ட அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வரிசையை விட்டுவிட்டு, கல்யாண டிஸ்க்கை அதன் எண்ணைச் சொல்லியே கூப்பிட வைத்தேன். வந்தது. எண்ணைப் பார்த்தே பழைய டிஸ்க்கை அழித்தேன், காப்பி போட்டேன். ஏ-யைத் தொடவில்லை. தொடத் துணிச்சல் இல்லை.

ஷாமினி வந்தாள். திரையில் ஓடிய மணமேடையில் அவள் அப்பா குனிந்து, "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, பாலாச்சும் குடிம்மா," என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். நான் நழுவிவிட்டேன்.

பங்சார் சிக்னலில் காரோடு நிற்கும்போது அக்கா போனில் கூப்பிட்டார்.

"பாய், காப்பி போட்ட டிஸ்க்ல இன்னொரு வீடியோ இருக்கு லா. நாலு இருபதுக்கு ஆரம்பிச்சிருக்கு. இன்னும் நீண்டுக்கிட்டே போகுது."

"என்ன இருக்கு அதுல?"

"உங்க முதுகு. நீங்க சர்வர்கிட்ட குனிஞ்சிருக்கீங்க."

"தள்ளிப் பாருங்க. கடைசியில என்ன?"

மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலே மாறிவிட்டது.

"மழை. கார் கண்ணாடி. பாய்... நீங்க இப்ப போன்ல பேசிக்கிட்டு இருக்கீங்க. பின் சீட்லேர்ந்து எடுக்கிற மாதிரி இருக்கு."

நான் திரும்பவில்லை.

"ஒரு கை நீளுது, பாய். மஞ்சளா ஏதோ சீட்டு வச்சிருக்கு."

கிராம்பு வாசம். காதருகே, மடிப்பு பிரியும் சத்தம்.

தோளில் ஒரு காகிதம் மெல்ல வந்து படிந்தது. அதன் ஓரம் இன்னும் சுட்டது.