பகலில் பூட்டிய இருட்டு

செடிகளை வீட்டுக்குள் வைத்த ஏழாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பின்னறையின் விளக்குகள் எரியத் தொடங்கியபோது, நான்கு கஞ்சாச் செடிகளும் அந்த விளக்குகளைப் புறக்கணித்துவிட்டு அறையின் வடக்கு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்ததை நோம்புசோ கண்டாள்.

காலையில் அவள் கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது அவை நேராக நின்றன. செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளரும். வடக்கு மூலையில் வெளிச்சம் இல்லை. அங்கே இருந்தது, நான்கு சுவர்களையும் சன்னலையும் மறைத்து அவளே ஆணியடித்துக் கட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும்தான். காற்றாடியும் வடக்குப் பக்கத்திலிருந்தே வீசியது. செடிகள் நின்ற வாளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். விடியற்காலை ஐந்து மணி முதல் கடற்கரை விடுதியொன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்த கைகள் அவை. வாளியின் கம்பியைப் பிடித்தபோது விரல்கள் தாமாக மடங்க மறுத்தன. ஏன் சாய்ந்தன என்று யோசிக்கும் வேலையை அவள் மறுநாளைக்குத் தள்ளிவைத்தாள். அவளுடைய மறுநாளில் ஏற்கெனவே நிறைய வேலைகள் குவிந்திருந்தன.

முன்னறையில் தங்கை லிண்டெனி முனகிக்கொண்டிருந்தாள். மார்பில் தொடங்கிய புற்று, அவளுடைய இடுப்பு எலும்புக்குள் இறங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் எழுந்து நின்றும் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மருத்துவ நிலையத்தில் வலிக்கான மருந்து ஒரு வாரம் இருக்கும், மறு வாரம் இருக்காது. அந்த முனகலுக்கு ஒரு வடிவம் உண்டு: முதலில் மூச்சை இழுப்பாள், பாதியில் அது நிற்கும், பிறகு படிக்கட்டில் இறங்குவதைப்போல ஒவ்வொரு படியாகக் கீழே வரும். உறக்கத்திலும் நோம்புசோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூ முற்றியதும் அதை எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தால் அந்த மூச்சு நடுவில் நிற்காமல் போகும் என்பதற்காகத்தான், டர்பன் நகரையொட்டிய உம்லாஸியில் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து, ஒரு பூசணிக் கொடியைக்கூட நட்டறியாத அவள், தன் வீட்டின் ஓர் அறையைச் செடிகளுக்குக் கொடுத்திருந்தாள்.

கன்றுகளைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஷெஸி. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தம்முடைய கார்க் கொட்டகையில் காருக்குப் பதிலாகச் செடி வளர்ப்பவர்.

"வெளியில வச்சா இன்னிக்குச் செடி இருக்கும், நாளைக்கு வாளி மட்டும் இருக்கும்," என்று அவர் சொல்லியிருந்தார். "வீட்டுக்குள்ள உன் தேவைக்கு வளர்த்தா போலீஸ்காரன் ஒண்ணும் சொல்ல முடியாது. கோர்ட்டே சொல்லியாச்சு."

"எனக்குக் கீரை வளர்த்தே பழக்கமில்லையே ஐயா."

"கீரையைவிடச் சுலபம். இதுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பூக்கற காலத்துல பன்னெண்டு மணி நேரம் இருட்டுன்னா இருட்டுதான். நடுவுல டார்ச்சு வெளிச்சம் பட்டாக்கூட மனசு மாறி விதை புடிச்சிடும். என் பொண்டாட்டிகூட இவ்வளவு கோவிச்சுக்க மாட்டா."

"அவங்க கோவிச்சுக்கிட்டுத்தானே போனாங்க?"

"போனா, திரும்பி வந்தா. செடி வராது."

டர்பனின் கோடையில், தகரக் கூரையின்கீழ், பகலில் விளக்கைப் போட்டால் இலை கருகிவிடும் என்றும் அவரே சொன்னார். எனவே அந்த அறையில் பொழுது தலைகீழானது. நேரம் குறித்த சுவிட்ச் ஒன்றால் மாலை ஆறு மணிக்கு விடியும். காலை ஆறு மணிக்கு இருட்டும். வெளியே தெருவில் பிள்ளைகள் பந்து உதைக்க, கொடியில் துணி உலர, ஆடுகள் குப்பைமேட்டை மேய, வீட்டின் நடுவே ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும் இரவு இருந்தது.

அந்த அறை அவர்களுடைய அண்ணன் மக்கோசோங்கேயின் அறை. முப்பது ஆண்டுகள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சு முழுவதும் கல்தூசி படிந்து, வீட்டிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள மருத்துவமனையில் அவன் இறந்தான். உடலைக் கொண்டுவந்து புதைத்த பிறகு, பெரியப்பா, இறந்தவரின் ஆவியை வீட்டுக்குக் கூட்டிவரும் முள்மரக் கிளையொன்றை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனார். அவன் படுத்திருந்த கட்டிலருகே நின்று, "மக்கோசோங்கே, வா, வீட்டுக்குப் போவோம்," என்று அழைத்தார். திரும்பும் பேருந்தில் இரண்டு இருக்கைகள் வாங்கினார். வழியெல்லாம் கிளையோடு மட்டுமே பேசினார். வீட்டுக்கு வந்ததும் பின்னறையின் வடக்கு மூலையில் அதைச் சாத்தி வைத்தார். அன்று முதல் வீட்டில் எது நடந்தாலும் அந்த மூலையில் சொல்லப்பட்டது. லிண்டெனியின் நோய் சொல்லப்பட்டது. சுவருக்கு வண்ணம் பூசியதுகூடச் சொல்லப்பட்டது. அப்படி அழைத்து வரப்பட்டவரிடம் சொல்லாமல் அவருடைய வீட்டில் எதையும் மாற்றக் கூடாது. அது சிறு குழந்தைக்கும் தெரியும்.

நோம்புசோவுக்கும் தெரியும். ஆனால் பிளாஸ்டிக் விரிப்பை அடித்த அன்று அவள் இருவருடைய வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தாள். முள் விரிப்பைக் கிழித்துவிடும் என்பதால் கிளையின்மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, அதன்மேல் விரிப்பை இழுத்து ஆணியடித்துவிட்டாள். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ஏழு வாரங்கள் ஓடிவிட்டன.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் வீடு திரும்பி, அடுப்பில் சோளக்களிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறையில் யாரோ இருமினார்கள்.

வறண்ட இருமல். இரண்டு முறை. அதன்பின் அடிவயிற்றிலிருந்து இழுக்கும் நீண்ட மூச்சு. சுரங்கத்திலிருந்து விடுப்பில் வரும் ஆண்களின் நெஞ்சிலிருந்து அந்த ஓசையை அவள் கேட்டிருந்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். வெயில் சமையலறைத் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தண்ணீர் கொதித்தது.

"அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தியாக்கா?" என்று லிண்டெனி முன்னறையிலிருந்து கேட்டாள்.

"எந்த அண்ணனுக்கு?"

"நமக்கு எத்தனை அண்ணன்?"

காய்ச்சலில் பேசுகிறாள் என்று நோம்புசோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்து பார்க்க இயலாது. ஆறு மணிவரை அங்கே இரவு.

வியாழக்கிழமை அவள் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. முனகல் இல்லை. அவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினாள். லிண்டெனி கண்களைத் திறந்தபடி, நெற்றிச் சுருக்கமெல்லாம் நீங்கி, இளம்பெண்ணைப் போலப் படுத்திருந்தாள்.

"ரெண்டு மணி நேரம் வலியே இல்லக்கா."

"மருந்து வந்துச்சா?"

"இல்ல. அங்க போயிப் படுத்திருந்தேன்." லிண்டெனி முகவாயால் பின்னறையைக் காட்டினாள். "நான் எங்க நடக்கறது? அண்ணன்தான் தூக்கிட்டுப் போனாரு. என்ன முழிக்கற? பேயைப் பாத்த மாதிரி."

நோம்புசோ போர்வையின் கால்பக்கத்தை விலக்கினாள். தங்கையின் குதிகால்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. வாளிகளில் போட்ட அதே கருமண்.

அன்று மாலை விளக்குகள் எரிந்தவுடன் அவள் உள்ளே போய், வடக்கு மூலையில் மண்டியிட்டு, ஆணிகளைப் பிடுங்கினாள். செடிகள் மீண்டும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. பிசுபிசுத்த பூங்கொத்துகள் அவளுடைய கழுத்தைத் தொட்டன. சொல்ல வேண்டிய சொற்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். விரிப்பை விலக்கினாள்.

கிளை இல்லை.

சாக்கு மட்டும் இருந்தது. தரையில் விரிக்கப்பட்டு, நடுவில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளத்தோடு இருந்தது. வெள்ளை வெளிச்சத்தில் அவள் அந்தப் பள்ளத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்பவர் இல்லாத இடத்தில் பேசுகிறோம் என்பது முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் விளக்கெரியும் நேரத்தில் அங்கே இல்லை. அவளே அவனை இருட்டின் பக்கம் வைத்து மூடியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு போய் மதிற்சுவருக்கு அப்பால் நின்ற ஷெஸியிடம் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒம்போது நாள்."

"இப்பவே வெட்டினா?"

"தலைவலிக்கு ஆகும். எலும்புக்கு ஆகாது." கண்ணாடியைத் துடைத்தபடி அவளை ஏறிட்டார். "நீ கடைசியா எப்பத் தூங்கின? செடியைவிட உன் மூஞ்சிதான் முதல்ல வாடுது."

"ஒம்போது நாள் கழிச்சுத் தூங்கறேன் ஐயா."

அன்றிரவு முழுவதும் லிண்டெனி முனகினாள். விடியும் நேரத்தில் முனகல் அலறலாக மாறியது. ஒன்பது நாள்கள். நோம்புசோ விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவை முடிகிற எண்ணாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வாசற்கதவைத் தள்ளினாள். வெயிலிலிருந்து வந்த கண்களுக்கு முன்னறை பச்சையாகவும் மங்கலாகவும் தெரிந்தது. கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. பின்னறையிலிருந்து லிண்டெனியின் சிரிப்பு கேட்டது. நோய்க்கு முந்தைய சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கால் சிரிப்பது.

கதவைத் தன் உடம்பு நுழையுமளவுக்கு மட்டும் திறந்து, உள்ளே புகுந்து, உடனே சாத்தினாள். தங்கையைத் தேடிப் போகும்போதுகூட வெளிச்சம் படக் கூடாது என்பதை அவளுடைய கைகள் மறக்கவில்லை.

இருட்டு. கண்ணருகே கொண்டுவந்த கையும் தெரியாத இருட்டு. ஈர மண்ணும், பச்சை இலையும், பிசினும் கலந்த வாடை தொண்டைவரை இறங்கியது.

"லிண்டெனி?"

"இங்கதான்க்கா. கதவைச் சாத்திட்டியா?"

"சாத்திட்டேன்."

"வலி இல்லக்கா. எங்கயுமே இல்ல."

மிக அருகில் யாரோ இருமினார்கள்.

"அண்ணே," என்றாள் நோம்புசோ. "உன்கிட்டச் சொல்லாம உன் அறையை மூடிட்டேன். தப்புதான். இவளுக்காகத்தான் செஞ்சேன். இவ வலி தாங்கல."

காற்றாடி நின்றிருந்தது. ஆனாலும் இலைகள் அசைந்தன.

"பரவாயில்லையாம்," என்றாள் லிண்டெனி. "இருட்டு அவருக்குப் பழகிப்போச்சாம். வா, நீயும் உக்காரு. நின்னு நின்னு செத்துட்ட."

ஒரு கை அவளுடைய கையைப் பற்றியது. வெதுவெதுப்பான, சதைப்பற்றுள்ள, உறுதியான கை. லிண்டெனியின் விரல்கள் நான்கு மாதங்களாகச் சுள்ளிகளாக இருந்தன. அவள் அதை நினைத்தாள். கையை உருவிக்கொள்ளவில்லை. யாரும் அவளை உட்காரச் சொல்லி நெடுநாளாயிற்று.

அப்போது முன்னறையில் முனகல் கேட்டது.

மூச்சு இழுபட்டது. பாதியில் நின்றது. படிப்படியாக இறங்கியது.

கட்டில் கிரீச்சிட்டது. ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. பிறகு சிமெண்டுத் தரையில் இழுபடும் ஓசை. நிற்கும். இழுபடும். நிற்கும். தூக்க முடியாத இடுப்பைக் கைகளால் இழுத்துக்கொண்டு வரும் ஓசை.

கதவின் மறுபக்கத்தில் அது வந்து நின்றது.

"அக்கா," என்றது லிண்டெனியின் குரல். "உள்ள யாருகிட்டப் பேசிட்டிருக்க?"

கட்டில் காலியாக இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்தாளா? போர்வை தட்டையாக இருந்தது. லிண்டெனியின் உடம்பும் இப்போது ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணில் வெயில் இருந்தது.

"திறக்காதக்கா," என்றாள் உள்ளே இருந்த லிண்டெனி, பதற்றமின்றி. "அது என்னோட வலி. என்னை விட்டுட்டுத் தேடி வந்திருக்கு. திறந்தா மறுபடியும் ஏறிக்கும்."

"அக்கா, கதவு ஏன் திறக்க மாட்டேங்குது?"

"வெளிச்சம் வேற பட்டுடும். இன்னும் எட்டு நாள்தானே?"

கைப்பிடி கீழே இறங்கியது. நோம்புசோ அதைப் பற்றிக்கொண்டாள். இரும்பின் வழியே மறுபக்கத்து நடுக்கம் அவளுடைய உள்ளங்கைக்கு வந்தது. அந்த நடுக்கத்தை அவளுக்குத் தெரியும். கரண்டியால் கஞ்சி ஊட்டும்போது, அதைத் தானே பிடிப்பதாக அடம்பிடிக்கும் விரல்களின் நடுக்கம்.

அவளுடைய கையின்மேல் ஒரு கை வந்து அமர்ந்து, கைப்பிடியை மேலே தள்ளியது. அதன்மேல் இன்னொரு கை. அதன்மேல் மூன்றாவது ஒன்று. எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன.

"அக்கா. வலிக்குதுக்கா."

காதருகே நீண்ட மூச்சொன்று இழுபட்டது. பின்னாலிருந்து யாரோ அவளுடைய தலைத்துணியை மெல்ல அவிழ்த்து, குழந்தையை உறங்கவைப்பதைப் போல உச்சந்தலையைத் தடவிக் கொடுத்தார்கள். கதவின் அடிப்பகுதியில் நகங்கள் பிறாண்டின.

நோம்புசோ, தன் களைத்த உடம்பின் எடை முழுவதையும் கதவின்மேல் சாய்த்து, அதை மூடியே பிடித்திருந்தாள்.