மூன்று தட்டு, ஒரு பதில்

சுத்தியலால் ஐஸ் தரையில் மூன்று தட்டு தட்டினாள் சுகிர்தா. லேப்டாப் திரையில் நான்கு விழுந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் நான்கு.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. படிந்த பனியை உருக்குவதற்காகக் கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் போகும் லாரிகளின் உறுமல்கூட அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி வரவில்லை. அமோனியா நெடியும் பழைய மீன் வாடையும் கலந்த குளிர் மூக்கில் ஏற, கூரையில் ஒற்றைக் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிய, அவள் விட்ட மூச்சு போகிற இடம் தெரியாமல் முகத்துக்கு முன்னாலேயே வெள்ளையாக நின்றது.

வியாழனைச் சுற்றும் பனி நிலவு ஒன்றுக்கு அனுப்பப்போகிற அதிர்வுமானிக்கு இந்த ஐஸ் ஃபேக்டரியில் சோதனை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான். மேலே தட்டினால் அதிர்வு உள்ளே போய்த் திரும்பி, பனிக்கு அடியில் இருப்பதைச் சொல்லும். ஐஸ் எங்கேயும் கிடைக்கும். இங்கேதான் சோதனை என்று ஒற்றைக்காலில் நின்றவள் சுகிர்தா. இங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவள் தம்பி அன்பு, இரண்டு வருஷம் முன்னால் நைட் ஷிஃப்டுக்கு வந்தவன், வீடு திரும்பவில்லை. "ஆந்திரா பக்கம் ஓடிட்டான்" என்று மேனேஜர் துளசிராமன் வாய் கூசாமல் சொன்னான். அதை நம்பி அம்மா தடா, சூளூர்பேட்டை என்று போட்டோவும் கையுமாக அலைந்து அலைந்தே செத்தாள்.

அன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறான். இரவில் மேனேஜர் இந்த அறையைப் பூட்டுமுன் கதவில் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு வரும். வராவிட்டால் பூட்டலாம்.

நான்காவது தட்டு வந்த இடத்தைத் திரை சிவப்புப் புள்ளியாகக் காட்டியது. ஐஸுக்குக் கீழே. சிமெண்டுத் தரைக்கும் கீழே.

கதவைத் திறந்துகொண்டு துளசிராமன் வந்தான்.

"இன்னா மேடம், நிலாவுல ஆள் கீறானா?"

"கீறான் சார். கீழ தட்டிக்கினு கீறான்."

"கம்ப்ரசர் அதிரும் மேடம்."

"கம்ப்ரசர் ஓடல. நான் அன்புவோட அக்கா."

அவள் சுத்தியலை அவன் கையில் திணித்தாள். "அன்னிக்கி நீ தட்டாத தட்டு. இப்பத் தட்டுடா!"

"பேஜாரு பண்ணாத!" சுத்தியலை வீசினான். அது ஐஸில் விழுந்து துள்ளியது. டங். டங். டங்.

பதில் வந்தது. இந்த முறை காதிலேயே கேட்டது. அவன் காலடியிலிருந்து.

திரையில் புள்ளி நகர்ந்தது. மேல்நோக்கி.

சுகிர்தா வெளியே ஓடினாள். கதவை இழுத்தாள். எதற்கென்று யோசிக்கவில்லை, தாழ்ப்பாளையும் தள்ளினாள். உள்ளே அவன் இரண்டு கையாலும் அடித்தான்.

"தொறம்மா! தொற!"

"என் தம்பி எங்க?"

"தட்டாமப் பூட்டிட்டேன்! காலைல வெறச்சிக் கெடந்தான்! கீழதான் கீறான், சிமெண்டு ஊத்திட்டோம்! ஐயோ, ஐஸு வெடிக்குது, தொறம்மா!"

பாவி. இரண்டு வருஷம் இதன் மேலேயே நடந்திருக்கிறான். ஆனாலும் கை போனது. தாழ்ப்பாளை இழுத்தாள். அது விலகியது.

அலறல் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு உள்ளேயிருந்து, அவசரமே இல்லாமல்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பூட்டப்போகிறவன் தட்டும் தட்டு.

பதிலுக்கு ஒரு தட்டு தட்டினால் போதும். பூட்டாதே என்று அர்த்தம். கையைத் தூக்கினாள். அம்மா நினைவுக்கு வந்தாள், தேய்ந்த செருப்போடு, போட்டோவோடு.

கையை இறக்கிக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.