ஞாயிற்றுக்கிழமைச் சீருடை

எங்கள் ஐந்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த நாஷாவைப் பார்த்தால் எனக்கு ஒரே ஆச்சரியம். தம்பியின் வைத்தியத்துக்காக, குடும்பத்தோடு மாலத்தீவிலிருந்து திருவனந்தபுரம் வந்தவள். மலையாளத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் பேசும் தமிழும் தெரியாது. ஆனால் நான்கே நாளில் முப்பத்தொரு பேரின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டாள்! நானாக இருந்தால் இரண்டாம் நாளே வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.

"அவள் போயி. இனி வரில்ல," என்றான் லிஜோ, எல்லாம் தெரிந்தவன் போல.

பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் டீக்கடையில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். நிமிர்ந்து பார்த்தால், பூட்டிய கேட்டின் முன்னால் நாஷா! இஸ்திரி போட்ட சீருடை, முதுகில் பை.

தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த லிஜோவும் கூட்டாளிகளும் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

"ஞாயறாழ்ச ஸ்கூளில் வந்நு!" என்று லிஜோ கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சொல் புரியாவிட்டாலும் சிரிப்பு புரியுமே. நாஷா தலையைக் குனிந்துகொண்டாள். நான் புட்டை விட்டுவிட்டு ஓடினேன். இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

"எங்க நாட்டுல வெள்ளி, சனி லீவு. ஞாயிறு பள்ளிக்கூடம். இங்கயும் அப்படித்தான்னு நினைச்சேன்," என்றாள்.

"யார் கூட வந்தே?"

"தனியா. அம்மா ஆஸ்பத்திரியில. அப்பா ராத்திரியெல்லாம் தம்பி கூட முழிச்சிருந்தார். எழுப்ப மனசு வரல."

எங்கள் தெருமுனையில் இருக்கும் பெரிய ரோட்டைத் தனியாகவா தாண்டினாள்? நான் இன்றைக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன்!

"இனிமே வரவே மாட்டேன்," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

ஆறுதல் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. "இங்கேயே நில்லு," என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குப் பாய்ந்தேன்.

"ஏட்டி கௌசல்யா, ஞாயித்துக்கெழமை யூனிஃபார்ம் எதுக்கு? கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள் அம்மா.

"நாஷா கேட்டு முன்னால தனியா நிக்கா. எல்லாவனும் சிரிக்கான்."

அம்மா எனக்கு ரிப்பன் கட்டிவிட்டு, டப்பாவில் வாழைப்பழத்தில் போட்ட சூடான பழம்பொரியும் வைத்துக் கொடுத்தாள்.

சீருடையும் பையுமாகப் போய் நாஷாவின் பக்கத்தில் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கும் தப்பாயிடுச்சா?"

"இல்ல. நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு இல்லையா?"

கிரிக்கெட் நின்றுபோனது. லிஜோவின் முகம் மாறியது.

"கௌசல்யே, இன்னு க்ளாஸுண்டோ?"

நான் பையைத் திறந்தேன். அவசரமாக நோட்டைப் புரட்டினேன். நாஷாவும் புரிந்துகொண்டு தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். கெட்டிக்காரி!

"அய்யோ, ஹோம்வர்க்!" லிஜோ மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே மற்ற மூன்று பேரும்.

சிறிது நேரத்தில் லிஜோ திரும்பி வந்தான். தலையில் தண்ணீர் சொட்டியது. சீருடைச் சட்டைப் பொத்தான்களை ஏறுமாறாகப் போட்டிருந்தான். பின்னால் அவன் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"எடா, நினக்கு வட்டாணோ? இன்னு ஞாயறாழ்சயல்லே!" என் அம்மா கேட்ட அதே கேள்வி: ஞாயிற்றுக்கிழமையில் கிறுக்கு பிடித்துவிட்டதா என்று!

நாஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலேயே சிரித்தாள். முறைத்துக்கொண்டு நின்ற லிஜோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கொடுத்த டப்பாவை நாஷா அவன் பக்கம் நீட்ட, அவன் ஒன்றுக்கு இரண்டாகப் பழம்பொரி எடுத்துக்கொண்டான்.

நாஷாவை வீட்டில் கொண்டுவிட என் அப்பா வந்தார். நானும் கூடப் போனேன். வழியில் நாஷா என் தோளைத் தட்டினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கேட்டைத் திறப்பாங்க?"

"ஒன்பது மணிக்கு."

"நான் எட்டரைக்கே வந்துடுவேன்," என்றாள் நாஷா.