பனியில் ஒலித்த தண்ணீர் லாரி ஹாரன்

“நேத்து சாயங்காலத்துல இருந்து முனியாண்டி போனு அணைஞ்சு கெடக்குண்ணே! வண்டிய எடுங்க!” என்று கிளீனர் சேகு லாரியில் தாவி ஏறினான்.

ராக்கப்பன் தண்ணீர் லாரியை மலைப்பாதையில் விரட்டினான். சவூதியின் வடக்கு மலையில் தனியாக ஆடு மேய்க்கும் முனியாண்டி அவன் தங்கை புருஷன். முதுகுளத்தூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு விசா வாங்கிக் கொடுத்து அழைத்து வந்ததே ராக்கப்பன்தான். பாலைவனத்தில் இப்படிப் பனி கொட்டும் என்று யார் கண்டது! மீட்புப் படையும் வழியில்லாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

“ஏத்தத்துல மெதுவாண்ணே!”

“போடா! நின்னா பொதைஞ்சிரும். மிதிச்சாத்தான் ஏறும்!”

மணலில் பல வருஷம் ஓட்டியவன் அல்லவா! டயர் காற்றைக்கூட மணலுக்குக் குறைப்பதுபோல் குறைத்திருந்தான். ஓங்கி மிதித்தான். லாரி ஏறவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது! பிரேக்கை அழுத்த அழுத்தச் சறுக்கி, ஓரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது.

இருவரும் மண்வெட்டியால் பனியை வாரினார்கள். சக்கரம் சுற்றியதே தவிர நகரவில்லை. நடந்தாவது போகலாம் என்றால், பனிமூட்டத்தில் நாலடி தள்ளி எதுவுமே தெரியவில்லை. கை விறைத்து, மண்வெட்டி நழுவி விழுந்தது.

“தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?” ராக்கப்பன் உடைந்து அழுதான். வேறு வழி தெரியாமல் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினான். யாராவது கேட்க மாட்டார்களா என்று விடாமல் அடித்தான். கடைசியில் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துவிட்டான்.

“அண்ணே, அங்க பாருங்க!”

பனிமூட்டத்திலிருந்து ஓர் ஆடு வந்தது. பின்னால் இன்னொன்று, அப்புறம் மந்தையே! வாராவாரம் இந்த ஹாரன் கேட்டதும் தண்ணீருக்கு ஓடிவரும் ஆடுகள் அல்லவா! கடைசி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சாக்குப் போர்த்திய ஓர் உருவம் தள்ளாடி வந்தது.

“மாப்ளே!”

“வழி தெரியல மச்சான். இதுக ஓடுச்சு, பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்.”

முனியாண்டியைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து, ஹீட்டரைத் திருப்பிவிட்டார்கள். மதியம் வெயில் வந்து பனி இளகியதும் லாரி பள்ளத்தை விட்டு ஏறியது. ராக்கப்பன் முதல் கியரில், நடக்கும் ஆட்டின் வேகத்திலேயே இறக்கிக்கொண்டு வந்தான். மந்தை பின்னாலேயே வந்தது.

ஆனால் புறப்படும் முன் ஒரு வேலை செய்தான். இறங்கிப் போய் டேங்க் குழாயை ஆடுகளுக்குத் திறந்துவிட்டான்.

“இந்தக் குளிர்ல எதுக்குண்ணே?” என்றான் சேகு.

“ஹாரன் அடிச்சு வரச் சொன்னேன்ல? தண்ணி காட்டாம போனா நல்லாவா இருக்கும்?”